இரவு எட்டு மணிக்கு மேல்



சென்ற ஞாயிற்றுக்கிழமை என்னை ஆலயத்தில் காணாமல் உங்களில் சிலர் விசாரித்ததாக அறிந்தேன். ஐயருக்கு உடல்நலமில்லை என்று ஒருவரும், இடமாற்றம் வந்துவிட்டது என்று மற்றொருவரும் சொல்லிக்கொண்டார்களாம். இடமாற்றச் செய்தி மட்டும் நம் திருமண்டலத்தில் எப்போதும் ரயிலைவிட வேகமாகப் பயணம் செய்யும். இரண்டுமே உண்மையல்ல. நானும் என் மனைவியும் வெள்ளிக்கிழமை இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குச் சென்று, என் நண்பருடைய திருமணத்தில் பங்குபெற்று, திங்கட்கிழமை காலையில் திரும்பினோம். ஓய்வுபெற்ற குருவானவர் ஒருவர் அன்போடு வந்து ஆராதனையை நடத்திக் கொடுத்தார்.

நண்பருடைய மகனுக்கா, மகளுக்கா என்று கேட்பீர்கள். நண்பருக்கேதான். அவருக்கு வயது 57.

அவரும் நானும் பாளையங்கோட்டையில் ஒரே விடுதி அறையில் மூன்று ஆண்டுகள் படித்தவர்கள். பிறகு நான் அரசரடி இறையியல் கல்லூரிக்குப் போனேன். அவர் வங்கி வேலைக்குப் போனார். என் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக என் பக்கத்தில் நின்றவர் அவர். அவருக்குத் திருமணமான பின்பு, எங்கள் இருவருடைய நட்பைவிட எங்கள் மனைவிமாருடைய நட்பு ஆழமாக வேர்விட்டது. கருப்பட்டியும் முறுக்கும் இங்கிருந்து சென்னைக்குப் போகும். புடவையும் பிள்ளைகளுக்குப் புத்தகமும் அங்கிருந்து வரும். நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்தச் சகோதரி புற்றுநோயினால் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனையில் பிரசங்கம் செய்தவன் நான்தான். இந்தச் செய்தி அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. நண்பரிடம் அனுமதி கேட்டே இதை எழுதுகிறேன்.

மூன்று மாதங்களுக்கு முன் ஒரு மாலையில் அவர் தொலைபேசியில் அழைத்தார். சற்றுத் தயங்கி, "ஐயரே, நான் மறுமணம் செய்துகொள்ளப் போகிறேன்" என்றார். அந்த நேரத்தில் ஒரு நண்பன் சொல்லவேண்டிய முதல் வார்த்தை எது என்பது உங்களுக்குத் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை. "பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டேன்.

சிறிது நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. பின்பு அவர் சொன்னார்: "பிள்ளைகளைப் பற்றிக் கேட்கிறாய், சரி. இந்த நான்கு வருஷத்தில், இரவு எட்டு மணிக்கு மேல் நான் யாரோடு பேசுகிறேன் என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறாயா?"

நான் கேட்டதில்லை. ஆண்டுதோறும் அந்தச் சகோதரியின் நினைவு நாளில் அழைப்பேன். கிறிஸ்துமஸுக்கு அழைப்பேன். இரண்டு முறையும் ஜெபித்துவிட்டு வைத்துவிடுவேன். ஜெபம் முடிந்தபின் தொலைபேசியை வைக்கத்தானே வேண்டும்! ஆமென் என்னும் சொல்லை நான் எத்தனை முறை கதவைச் சாத்தப் பயன்படுத்தியிருக்கிறேனோ, கர்த்தர் அறிவார்.

அவர் இன்னும் ஒன்று சொன்னார். "அவள் பரலோக வாசலில் உனக்காகக் காத்திருக்கிறாள் என்று அடக்கத்தன்று பிரசங்கத்தில் சொன்னாய். நான் அதை நம்பினேன். நம்பியதனால், ரயில் நிலையத்தில் காத்திருப்போர் அறையில் உட்கார்ந்திருப்பவனைப்போல் நான்கு வருஷம் வாழ்ந்தேன். பெட்டியைத் திறக்கவும் இல்லை, படுக்கையை விரிக்கவும் இல்லை."

அன்பானவர்களே, அன்றிரவு நான் மத்தேயு 22ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். ஏழு சகோதரரையும் ஒருவர்பின் ஒருவராக மணந்த பெண் உயிர்த்தெழுதலில் யாருக்கு மனைவியாயிருப்பாள் என்று சதுசேயர் கேட்ட கேள்வி உங்களுக்கு நினைவிருக்கும். உயிர்த்தெழுதலில் கொள்வதும் இல்லை, கொடுப்பதும் இல்லை என்னும் பொருளில் ஆண்டவர் பதில் சொன்னார். இதைக் கல்லூரியில் கிரேக்க மூலத்தோடு படித்து, தேர்வும் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். ஆனால் துக்க வீட்டில் நின்றபோது, வேதம் சொன்னதை விட்டுவிட்டு, கூடியிருந்தவர்களின் கண்ணீருக்கு எது பொருந்துமோ அதைச் சொல்லிவிட்டேன். இறந்தவர்கள் கிறிஸ்துவின் சமூகத்தில் இளைப்பாறுகிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். அது போதுமானது. வாசலில் கால்கடுக்க நிற்கிறார்கள் என்று சொல்ல எனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? நான் ஓர் அலங்காரத்துக்காகச் சொன்ன வாக்கியம் ஒரு மனிதனை நான்கு ஆண்டுகள் பெட்டியின்மேல் உட்கார வைத்துவிட்டது.

இதை நான் அறிக்கையிட்டாயிற்று. ஆனால் என் வீட்டில் வேறொரு காரியம் இருந்தது. அழைப்பிதழ் வந்த நாள் முதல் என் மனைவி அதைப் பற்றிப் பேசவில்லை. டிக்கெட் எடுத்தேன், சரி என்றாள். பெட்டி கட்டினாள். மணியாச்சி தாண்டி, மற்றவர்கள் விளக்கை அணைத்துப் படுத்தபின், எதிர் படுக்கையிலிருந்து மெல்லக் கேட்டாள்:

"அவ போயி நாலு வருஷந்தான் ஆகுது. நான் போயிட்டா நீங்களும் இப்படித்தானா?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? ரோமர் 7ஆம் அதிகாரத்தை விளக்க ஆரம்பித்தேன். மரணம் விவாக உடன்படிக்கையை முடித்துவைக்கிறது என்றும், உயிரோடிருப்பவர் கர்த்தருக்குள் மறுமணம் செய்துகொள்ளப் பவுல் கொரிந்தியருக்கும் அனுமதி எழுதியிருக்கிறார் என்றும், ஏறக்குறைய சாத்தூர் வரும்வரை சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நான் ஐயர்கிட்ட கேக்கல. உங்ககிட்ட கேட்டேன்" என்று சொல்லி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

முப்பதாண்டுகளுக்கு மேலாகப் பிரசங்கம் செய்கிற எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. விருதுநகர், மதுரை, திண்டுக்கல் எல்லாம் போனபின்பும் தெரியவில்லை.

சனிக்கிழமை காலையில் எழும்பூரில் இறங்கி, நிலையத்துக்கு அருகிலேயே ஒரு விடுதியில் அறை எடுத்தோம். திருமணம் மாலை நாலரை மணிக்கு. இடையில் பகல் முழுவதும் இருந்தது. ஊழியத்தின் காரியமாக அல்லாமல் நாங்கள் இருவரும் ஒரு நகரத்தில் ஒரு முழுப் பகல் சேர்ந்திருந்து எத்தனை ஆண்டுகள் ஆயிற்று என்று எண்ணிப் பார்த்தோம். எண்ணிக்கை எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. கடைத்தெருவுக்குப் போகலாமா என்று கேட்டேன். "உங்களோட கடைக்குப் போறதுக்குச் சும்மா இருக்கலாம்" என்றாள். ஆகவே ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் தூய மரியாள் ஆலயத்துக்குப் போனோம். என் கல்லூரி நாட்களிலிருந்தே அவளுக்குக் காட்ட வேண்டுமென்று நினைத்திருந்த இடம்.

கோட்டை வாசலில் சோதனை முடித்து உள்ளே போனால், தலைமைச் செயலகத்தின் வாகன நெருக்கடிக்கு அப்பால் அந்த ஆலயம் அமைதியாக நிற்கிறது. 1680ஆம் ஆண்டு பிரதிஷ்டை செய்யப்பட்டது. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கவேண்டும் என்று கூரையை வளைவாகவும் கனமாகவும் கட்டியிருக்கிறார்கள். நம்முடைய சுவார்ட்ஸ் ஐயருக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியார் வைத்த பளிங்கு நினைவுச்சின்னம் உள்ளே இருக்கிறது; திருநெல்வேலிக்காரருக்கு அதன்முன் நிற்கும்போது சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த உணர்வு உண்டாகும். வெளியே, ஆலயத்தைச் சுற்றித் தரையெல்லாம் கல்லறைக் கற்கள். அவை முதலில் இங்கே இருந்தவையல்ல. பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, இப்போது உயர் நீதிமன்ற வளாகம் இருக்கும் பக்கத்தில் இருந்தது. பிரெஞ்சுப் படை நகரத்தை முற்றுகையிட்டபோது அந்தக் கல்லறைகளை மறைவாகப் பயன்படுத்தியதனால், பின்னர் கற்களைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்து பதித்தார்கள்.

அவற்றின்மேல் கால் படாமல் ஒதுங்கி நடந்துகொண்டே என் மனைவிக்கு ஒரு கதை சொன்னேன். இந்த ஆலயத்தின் பதிவேட்டில் உள்ள முதல் திருமணம் 1680ஆம் ஆண்டிலேயே நடந்தது. மணமகன் எலிகு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. மணமகள் கேத்தரின் ஹின்மர்ஸ், ஒரு விதவை. அவருடைய கணவர் ஜோசப் ஹின்மர்ஸ் அதே ஆண்டில்தான் இறந்திருந்தார். இந்த நாட்டில் ஆங்கிலேயத் திருச்சபை கட்டிய இவ்வளவு பழைமையான ஆலயத்தின் முதல் திருமணமே ஒரு மறுமணம்! யேலை முன்மாதிரியாக நான் காட்டவில்லை. பிற்காலத்தில் கோட்டைக்கு ஆளுநராகி, சொந்த லாபம் பார்த்தார் என்ற குற்றச்சாட்டில் பதவியிழந்தவர் அவர். நான் சொல்ல வந்தது வேறு. அவர்களுக்குப் பிறந்த மகன் தாவீது சிறு பிராயத்திலேயே இறந்துபோனான். அவனை எங்கே அடக்கம் செய்தார்கள் தெரியுமா? அந்தத் தாயின் முதல் கணவருடைய கல்லறையில். கற்களைப் பெயர்த்தபோதும் அந்தக் கல்லறையை விட்டுவைத்தார்கள். நீதிமன்றப் பக்கத்திலேயே அது நின்றது.

என் மனைவி நின்றுவிட்டாள். "ரெண்டாவது புருஷனுக்குப் பிறந்த பிள்ளைய மொதல் புருஷன்கிட்டயா கொண்டு வச்சா?" என்றாள்.

"ஆம்" என்றேன்.

"ஆளில்லாத இடத்துல பிள்ளைய தனியா விட அவளுக்கு மனசு வந்திருக்காது. தெரிஞ்ச மனுஷன் பக்கத்துல வச்சிட்டுப் போயிருக்கா" என்றாள். இத்தனை ஆண்டுகள் இந்தக் கதை எனக்குத் தெரியும். இப்படி ஒருபோதும் எனக்குத் தோன்றியதில்லை.

அங்கே ஒரு மரநிழலில் உட்கார்ந்தபோது ஆபிரகாமைப் பற்றிப் பேசினோம். சாராள் இறந்தபோது அவர் அழுது புலம்பினார்; 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து மக்பேலா நிலத்தை வாங்கி அவளை அடக்கம்பண்ணினார். அது ஆதியாகமம் 23. இரண்டு அதிகாரங்களுக்குப் பின், கேத்தூராள் என்னும் பெண்ணை மணந்தார். ஆறு குமாரர் பிறந்தார்கள். அதே 25ஆம் அதிகாரத்தில் அவர் இறந்து, சாராள் இருந்த அதே குகையில், சாராளண்டையில் வைக்கப்பட்டார். ஈசாக்கும் இஸ்மவேலும் சேர்ந்து அடக்கம்பண்ணினார்கள். வேதம் இந்த மூன்றையும் எந்தக் குறையும் சொல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. கேத்தூராளைப் பற்றி நான் ஒரு பிரசங்கமும் செய்ததில்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருக்கமாட்டீர்கள். சாராளோடு நாம் நிறுத்திக்கொள்ளுகிறோம், வேதம் நிறுத்திக்கொள்ளவில்லை.

என் மனைவி பதில் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் விடுதிக்குத் திரும்பியபின், திருமணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த புதுப்புடவையை மடித்து உள்ளே வைத்துவிட்டு, பெட்டியின் அடியிலிருந்து வேறொன்றை எடுத்தாள். அந்தச் சகோதரி பத்தாண்டுகளுக்கு முன் அவளுக்கு வாங்கிக் கொடுத்த பச்சைநிறப் புடவை. அதைக் கொண்டுவந்திருந்ததே எனக்குத் தெரியாது.

திருமணத்தில் அறுபது பேர்கூட இருக்கமாட்டார்கள். மணமகள் வேலூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவர், செவிலியராகப் பணிசெய்பவர், கணவரை இழந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆனவர். நண்பருடைய மகள் வந்திருந்தாள், மகன் வரவில்லை. அதைப் பற்றி நான் அதிகமாக எழுதப்போவதில்லை. அவனுக்கும் ஒரு துக்கம் இருக்கிறது, அது அவனுடைய வேகத்தில்தான் ஆறும்.

ஆனால் மணமகள் ஆலயத்துக்குள் வந்த விதத்தை நான் உங்களுக்குச் சொல்லியாகவேண்டும். தகப்பனார் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் இடத்தில் எண்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு மூதாட்டி வந்தார். வெள்ளைப் புடவை, கையில் ஊன்றுகோல். அந்த அம்மையார் மணமகளின் தாயார் அல்லர். இறந்துபோன முதல் கணவருடைய தாயார். பன்னிரண்டு ஆண்டுகள் மருமகளும் மாமியாரும் ஒரே வீட்டில் வாழ்ந்திருக்கிறார்கள். "என் பிள்ளை போனபிறகு இவள்தான் எனக்குப் பிள்ளை. என் பிள்ளைக்கு நான்தானே கல்யாணம் செய்துவைக்க வேண்டும்" என்று சொன்னாராம். ஊன்றுகோல் தரையில் தட்டும் சத்தம் தவிர ஆலயத்தில் வேறு சத்தம் இல்லை. பீடத்தருகே வந்து, அந்தப் பெண்ணின் கையை என் நண்பரின் கையில் வைத்துவிட்டு, அவருடைய நெற்றியில் சிலுவை இட்டார். நகோமியையும் ரூத்தையும் பற்றி எத்தனையோ பெண்கள் ஐக்கிய சங்கக் கூடுகைகளில் பேசியிருக்கிறேன். நகோமி இத்தனை மெதுவாக நடப்பாள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

பக்கத்தில் திரும்பினேன். என் மனைவி அந்தப் பச்சைப்புடவை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இங்கே ஒரு கசப்பான காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். நம்முடைய திருமணங்களில் என்ன நடக்கிறது? தாலி கட்டும் நேரத்தில் மணமகளின் பெரியம்மாவோ அத்தையோ கணவரை இழந்தவராயிருந்தால், தாமே பின்வாங்கித் தூணோரம் போய் நிற்கிறார். எவரும் போகச் சொல்வதில்லை; எவரும் முன்னே வரச் சொல்வதும் இல்லை. 1778ஆம் ஆண்டில் சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டையில் ஞானஸ்நானம் கொடுத்த குளோரிந்தா அம்மையார் ஒரு விதவைதானே? அவர் கட்டிய ஆலயத்தைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று பெருமையோடு வெளியூராருக்குக் காட்டுகிறோம். ஒரு விதவையைத் தாயாகக் கொண்ட சபை, தன் விதவைகளைத் தூணோரம் நிறுத்துகிறது. மறுமணத்துக்கு ஓலை வாசிக்கும்போது எவரும் எழுந்து தடை சொல்வதில்லை. ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில்தான் சொல்லுகிறோம். அதிலும் ஆணுக்கு ஒரு நியாயம், பெண்ணுக்கு ஒரு நியாயம். நானும் அந்த மரத்தடியில் நின்றவன்தான். என்னுடைய மரத்தடி தொலைபேசியாயிருந்தது, அவ்வளவே.

ஞாயிறு காலையில் ஓர் ஆலயத்துக்கு ஆராதனைக்குப் போனோம். அங்கே குடும்பமாக அமர்வது வழக்கம். அங்கி அணியாமல், கடைசிக்கு முந்தின வரிசையில், என் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பாட்டுக்களை எந்தச் சுருதியில் பாடுகிறாள் என்பதையே மறந்திருந்தேன். ஒரே பாட்டுப் புத்தகத்தை இருவரும் பிடித்துக்கொண்டோம். என் கண்ணாடியை அறையில் விட்டுவந்ததுதான் உண்மையான காரணம்.

மதியம் நண்பரின் வீட்டில் சாப்பாடு. கூடத்தில் அந்தச் சகோதரியின் படம் இருந்த இடத்திலேயே இருந்தது, தூசி துடைக்கப்பட்டிருந்தது. சாப்பிட்டபின் புதுமணப்பெண் என் மனைவியைச் சமையலறைக்கு அழைத்துப் போனார். முக்கால் மணி நேரம் இருவரும் வெளியே வரவில்லை. நண்பரும் நானும் கூடத்தில் அமர்ந்து, விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும் வங்கி வட்டியைப் பற்றியும் பேசிக்கொண்டே காதைச் சமையலறைப் பக்கம் வைத்திருந்தோம். கிளம்பும்போது வாசலில் நின்று, அவரிடம் நான் சொல்லவேண்டியிருந்ததைச் சொன்னேன். அடக்கத்தன்று சொன்னது வேத வார்த்தை அல்ல, என் வார்த்தை என்றேன், மன்னிப்புக் கேட்டேன். அவர் என் தோளில் கைவைத்து, "இனிமேல் எட்டு மணிக்கு மேல் கூப்பிடாதே, தூங்கிவிடுவேன்" என்று சிரித்தார்.

சமையலறையில் நடந்ததை ரயிலில்தான் என் மனைவி சொன்னாள். அதிலும் பாதிதான் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன். அலமாரியில் உள்ள டப்பாக்களிலெல்லாம் சிறு காகிதம் ஒட்டியிருந்ததாம். மல்லி, சீரகம், வத்தல்பொடி என்று அந்தச் சகோதரியின் கையெழுத்து. வேலூர்க்காரருக்கு வத்தல்பொடி என்றால் மிளகாய்த்தூள் என்று விளங்கவில்லை. அதைக் கேட்கத்தான் முதலில் அழைத்திருக்கிறார். பின்பு உண்மையான கேள்வி வந்தது. "இந்தக் காகிதங்களைக் கிழிக்க எனக்குக் கை வரவில்லை. அப்படியே விட்டால் யாரோ ஒருவர் சமையலறையில் நான் வேலை செய்வதுபோல் இருக்கிறது. அக்காவை உங்களுக்குத் தெரியும். நான் என்ன செய்யட்டும்?"

"நீ என்ன சொன்னாய்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் அவசரமில்லன்னேன். எந்த டப்பா தீருதோ, அதைக் கழுவிக் காயவச்சு, நீங்க நெறச்சு, அதுக்கு மட்டும் உங்க கையெழுத்துல ஒட்டுங்கன்னேன். அவளும் அப்படித்தான் சொல்லியிருப்பா."

விழுப்புரம் தாண்டியிருந்தோம். விளக்குகள் அணைந்தன. சற்று நேரம் கழித்து எதிர் படுக்கையிலிருந்து குரல் வந்தது.

"அன்னிக்கு ஒண்ணு கேட்டேன்லா. அதுக்கும் அதே பதில்தான். டப்பாவெல்லாம் தீரட்டும். அதுவரைக்கும் பொறுங்க."

"நம் வீட்டில் எந்த டப்பாவும் தீர்ந்து நான் பார்த்ததில்லையே" என்றேன். இந்த முறை நான் எந்த அதிகாரத்தையும் சொல்லவில்லை. அவள் சிரித்தாள். வேறு யாரோ உஸ் என்று அதட்டினார்கள்.

திங்கட்கிழமை மாலையில் சேகரத்தின் குடும்பப் பதிவேட்டை எடுத்து, துணையை இழந்து வீட்டில் தனியே இருக்கிறவர்களை விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். இரண்டு கைகளும் போதவில்லை. அவர்களில் சிலருடைய அடக்க ஆராதனைப் பிரசங்கங்கள் என் குறிப்பேட்டில் இருக்கின்றன. அதற்குப் பின் அந்த வீடுகளுக்கு நான் போன நாட்கள் குறிப்பேட்டில் இல்லை.

வருகிற புதன்கிழமையிலிருந்து ஒவ்வோர் இரவும் ஒரு வீட்டுக்கு வருகிறோம். காணிக்கைக் கவர் எடுத்து வைக்கவேண்டாம், பலகாரம் செய்யவேண்டாம். ஜெபித்துவிட்டு உடனே கிளம்பவும் மாட்டோம். எட்டு மணிக்கு மேல் கதவு தட்டும் சத்தம் கேட்டால் பயப்படாதிருங்கள், நானும் ஐயரம்மாவும்தான்.